அடியில் இருந்த பாறை
தீபகற்பத்தின் கதை – 12

பெங்களூரில் டைனோசர் எலும்பு கிடைக்காது. மெட்ரோ சுரங்கத்துக்காகத் தோண்டினாலும் சரி, ஆழ்துளைக் கிணறு இறக்கினாலும் சரி, கிடைக்கவே கிடைக்காது. லால்பாக் தோட்டத்தில் கெம்பே கௌடர் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். அந்தப் பாறை உருவானபோது பூமியில் எலும்புள்ள உயிர் எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறையை நடத்திய ஸ்மீத் இதற்குத் தீபகற்ப நைஸ் என்று பெயர் கொடுத்தார். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளம் இதுவே. அப்படியிருக்க, டைனோசர்களின் முடிவைப் பேச வந்த இந்த அத்தியாயத்தை லால்பாக்கிலிருந்து தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் அந்த முடிவைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் பெரிய வழக்கில், இந்த நைஸ் பாறைக்கும் ஒரு சாட்சியம் உண்டு என்பது என் துணிபு. எலும்புகளை மட்டும் விசாரித்தவர்கள் அதை அதிகம் கேட்கவில்லை. எரிமலைக் குழம்பு மேலே வரும்போது எந்தப் பாறையைத் துளைத்து வந்தது, விண்கல் விழுந்தபோது எந்தப் பாறையில் விழுந்தது என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வழக்கின் போக்கே மாறுகிறது.

வழக்கு இதுதான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அன்றைய உயிரினங்களில் நான்கில் மூன்று பங்கு மறைந்தது. பறவைகளாகப் பரிணமித்த கிளை நீங்கலாக டைனோசர்கள் அனைத்தும் போயின. கடலில் சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் போயின. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருவர். முதலாவது, மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் விழுந்து சுமார் 180 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தை உண்டாக்கிய சிறுகோள். இரண்டாவது, நம் தக்காணத்தில் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கும் அந்தக் குழம்பின் தெற்கு விளிம்பு கர்நாடகத்துக்குள் இருக்கிறது. பெலகாவி, விஜயபுரா, கலபுரகி, பீதர் மாவட்டங்களின் கருமண்ணுக்கு அடியில் கிடப்பது அந்தப் பசால்ட் பாறைதான். விதான சௌதா பெங்களூர் வட்டாரத்துக் கிரானைட்டில் எழுந்தது. விஜயபுராவின் கோல் கும்பஸ் கரிய பசால்ட்டில் எழுந்தது. ஒரே மாநிலத்தின் இரு பெரும் கட்டடங்கள் நிலவியலின் இரு வேறு காலங்களைச் சேர்ந்தவை. கலபுரகிப் பக்கத்தில் இரண்டு குழம்பு அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய பழைய ஏரிப் படிவுகளில், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த நன்னீர் ஆஸ்ட்ராகாடுகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கடுகளவே உள்ள அந்த ஓட்டுயிர்கள், குழம்பு பரவி ஆறிய நிலத்தில் மறுபடி ஏரி தேங்கியதையும் அதில் உயிர் திரும்பியதையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன.

சிறுகோள் தரப்பின் வாதம் 1980-இல் பிறந்தது. இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகே, டைனோசர் யுகத்தையும் அதற்கு அடுத்த யுகத்தையும் பிரிக்கும் மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் என்ற உலோகம் வழக்கத்தைவிட 30 மடங்கு மிகுந்திருப்பதை லூயிஸ் அல்வாரெஸும் அவர் மகன் வால்டர் அல்வாரெஸும் பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷல் ஆகியோருடன் சேர்ந்து அறிவித்தார்கள். பூமியின் மேலோட்டில் அரிதான இரிடியம் விண்கற்களில் தாராளம். அதே அடுக்கு டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் இருந்தது. பின்னாளில் மேகாலயத்தின் ஊம் சோரிங்கியூ ஆற்றங்கரையிலும் கண்டெடுக்கப்பட்டது. 1991-இல் யுகத்தான் பள்ளம் அடையாளம் காணப்பட்டதும் சிறுகோள் தரப்பு வென்றதாகவே பலர் எண்ணினார்கள். ஆனால் தக்காணத் தரப்பு ஓயவில்லை. அது ஓயாமல் இருந்ததில் பெங்களூருக்கும் பங்குண்டு. பி. பி. ராதாகிருஷ்ணா உள்ளிட்டோர் 1958-இல் இங்கே நிறுவிய இந்திய நிலவியல் கழகம் தக்காணப் பசால்ட்டுகளுக்கென்றே 1988-இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டது. குழம்பு அடுக்குகளின் வரிசை, வேதியியல், காந்தத் திசை, வயது ஆகியவற்றைத் திரட்டிய அத்தகைய பணி இல்லாவிட்டால், எரிமலையை யாரும் ஒழுங்காகக் குற்றஞ்சாட்டியிருக்கவும் முடியாது, ஒழுங்காக விடுவித்திருக்கவும் முடியாது.

எரிமலைமீதான குற்றச்சாட்டை அதன் முழு வலிமையோடு சொல்லிவிட வேண்டும். தக்காணத்தின் குழம்பு முழுவதும் சேர்ந்து சுமார் 10 லட்சம் கன கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று ஒரு கணிப்பு உண்டு. அதன் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வெளிவந்தது. யுக எல்லை அந்தக் காலத்துக்குள்ளேயே விழுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெர்டா கெல்லர் பல பத்தாண்டுகளாக வற்புறுத்தியது இதையே. ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகே, மேற்கிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவந்த குழம்பு அடுக்குகள் இரண்டு உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட கடற்படிவில், அழிவுக்குப் பிறகு முதன்முதலில் தோன்றிய போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகளை அவர் குழு 2008-இல் காட்டியது. அப்படியானால் கீழடுக்குக் குழம்பு பாய்ந்து முடிந்த தறுவாயில்தான் பேரழிவு நடந்திருக்கிறது. இதற்கு மேலாக ஒரு பெரிய முன்னுதாரணமும் எரிமலைத் தரப்பின் கையில் இருக்கிறது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றைத் துடைத்தெறிந்த பேரழிவு, சைபீரிய எரிமலைக் குழம்பின் வேலை என்பதை இன்று அநேகமாக எல்லோரும் ஏற்கிறார்கள். சைபீரியா கொன்றது என்றால் தக்காணம் மட்டும் எப்படிக் கொல்லாமல் விட்டிருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் லால்பாக் பாறை பதில் சொல்கிறது. சைபீரியாவில் குழம்பு மேலெழுந்தபோது அது துளைத்து வந்தது நிலக்கரியும் உப்பும் சுண்ணாம்பும் பல கிலோமீட்டர் தடிமனில் படிந்திருந்த துங்குஸ்கா வடிநிலத்தை. வெந்த நிலக்கரியிலிருந்து கரியமில வாயுவும் மீத்தேனும், உப்பிலிருந்து ஓசோனைத் தின்னும் வாயுக்களும் குழம்பின் சொந்த வாயுக்களோடு சேர்ந்து வெளிப்பட்டன. கொன்றது குழம்பைக் காட்டிலும் அது வேகவைத்த படிவுகள்தாம் என்பதே இன்றைய வலுவான கருத்து. தக்காணத்தின் அடியில் இருப்பது என்ன? மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நிலநடுக்கங்களை ஆராயத் துளையிட்டபோது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பசால்ட்டைக் கடந்ததும் துளைக்கருவி நேராகக் கிரானைட்டையும் நைஸையும் தொட்டது. இடையில் படிவுப் பாறையே இல்லை. 1993 நிலநடுக்கத்துக்குப் பிறகு லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரியில் இறக்கிய துளையில் சுமார் 340 மீட்டர் பசால்ட், அதற்குக் கீழே சில மீட்டர் படிவு, உடனே பழைய நைஸ். பெங்களூரில் வெயிலில் காயும் அதே குலத்துப் பாறைதான் அங்கே குழம்புக்கு அடியில் ஒளிந்து கிடக்கிறது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பலமுறை வெந்து உருகி இறுகிய அந்தப் பாறையில் நிலக்கரி இல்லை, உப்பு இல்லை, எரிந்து வாயுவாகும் பொருள் அநேகமாக எதுவுமே இல்லை. தக்காணத்தின் குழம்பால் தன்னிடமிருந்த வாயுவை மட்டுமே வெளியிட முடிந்தது. அடித்தளத்திலிருந்து கடன் வாங்க அதற்கு வழியில்லை.

எல்லா இடத்திலும் அப்படித்தானா என்று கேட்பது நியாயம். இல்லை. கட்சிலும் சௌராஷ்டிரத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கின் சில பகுதிகளிலும் குழம்புக்கு அடியில் தடிமனான கடற்படிவுகளும் மணற்பாறைகளும் உண்டு. கோண்டுவானா நிலக்கரி வடிநிலங்களின் ஓரங்களையும் குழம்பு தொட்டிருக்கிறது. அங்கெல்லாம் ஓரளவு கூடுதல் வாயு கிளம்பியிருக்கவே செய்யும். ஆனால் குழம்பின் மிகப் பெரும் திரள் வெளிவந்தது மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில். சில இடங்களில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான தடிமனுக்கு அடுக்கடுக்காகக் குவிந்திருக்கும் அந்தத் திரளின் தென்பாதிக்குக் கீழே இருப்பது பழைய அடித்தளப் பாறைதான் என்பதைத் துளைகள் காட்டுகின்றன. எனவே சைபீரியாவின் தீர்ப்பை அப்படியே எடுத்துத் தக்காணத்தின் தலையில் வைக்க முடியாது. இரண்டும் எரிமலைதான், இரண்டும் பிரம்மாண்டமானவைதான். ஆனால் ஒன்று எரிபொருள் கிடங்கின் வழியாக வந்தது, மற்றது வெறும் பாறையின் வழியாக வந்தது.

குழம்பின் சொந்த வாயுவே போதுமானது என்பது அடுத்த மறுப்பு. இதைக் கணக்கிட்டுப் பார்க்க வரலாற்றுக் காலத்தில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவு 1783-இல் தொடங்கி எட்டு மாதம் பொங்கியது. சுமார் 15 கன கிலோமீட்டர் குழம்பும் 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடும் வெளிவந்தன. அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டார்கள். கால்நடைகளில் பாதிக்கு மேல் செத்தன. தக்காணத்தின் 10 லட்சம் கன கிலோமீட்டரை 15 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67,000 லாக்கிகள். எட்டு லட்சம் ஆண்டுகளுக்குப் பரப்பினால் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு லாக்கி. கேட்கவே அச்சம் தரும் கணக்கு இது. உண்மையில் நடந்தது இந்தச் சராசரியைப் போல் சீராக இருந்திருக்காது என்பதும் சரிதான். ஒரே வெடிப்பில் ஆயிரம் கன கிலோமீட்டருக்கு மேல் வழிந்த தருணங்களும் உண்டு. அப்போதெல்லாம் சில ஆண்டுகள் நீடித்த கடுங்குளிர் வந்திருக்கும். குழம்பில் சிக்கிய கந்தகத்தையும் புளூரினையும் அளந்து அண்மையில் வந்த ஆய்வுகளும் இப்படிப்பட்ட குளிர் இடைவெளிகளையே சுட்டுகின்றன. ஆனால் கந்தகத் துளிகள் காற்றில் நெடுநாள் தங்காது. ஓரிரு ஆண்டுகளில் மழையோடு இறங்கிவிடும். அடுத்த வெடிப்புக்கு முன் காடு துளிர்க்கும், தப்பிய விலங்குகள் குட்டி போடும், முட்டையிடும். ஓர் ஆண்டுக்கான உப்பை நாள்தோறும் சிறிது சிறிதாக உணவில் சேர்த்து உண்பவர் வாழ்கிறார். அதையே ஒரு வேளையில் விழுங்கினால் பிழைக்க மாட்டார்.

அந்த ஒரே வேளை விழுங்கல் யுகத்தானில் நடந்தது. சிறுகோள் விழுந்த இடம் ஆழம் குறைந்த கடல். அதன் தரையில் சுண்ணாம்புக்கல்லும் ஜிப்சம் குலத்தைச் சேர்ந்த கந்தகக் கனிமங்களும் கிலோமீட்டர் கணக்கில் படிந்திருந்தன. 2016-இல் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று அந்தப் பள்ளத்தின் உள்வளையத்தில் துளையிட்டு, அழிவு நாளன்றே குவிந்த சுமார் 130 மீட்டர் படிவை மேலே கொண்டுவந்தது. அதில் ஆழத்திலிருந்து எகிறி வந்த கிரானைட் துண்டுகள் இருந்தன, உருகிய கண்ணாடி இருந்தது, காட்டுத்தீயின் கரித்துண்டுகள் இருந்தன. சுற்றுவட்டாரம் முழுவதும் நிறைந்திருக்கும் கந்தகப் பாறை மட்டும் அநேகமாக இல்லை. வழக்கில் இதைவிடக் கனமான தடயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லையென்றால் ஆவியாகி வானத்துக்குப் போயிருக்கிறது.

எவ்வளவு போனது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. முன்பு 32,500 கோடி டன் கந்தகம் என்று கணித்தார்கள். 2025-இல் வந்த மறுகணிப்பு அதை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக, 6,700 கோடி டன்னாகக் குறைத்தது. எரிமலைத் தரப்பினர் இதைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டலாம். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். லாக்கி வெளியிட்ட கந்தக டை ஆக்சைடில் கந்தகத்தின் எடை சுமார் 6 கோடி டன். வகுத்துப் பார்த்தால் யுகத்தானில் ஆயிரம் லாக்கிகளுக்கும் மேல், எட்டு மாதத்தில் இல்லை, ஒரே நாளில் எழுந்திருக்கின்றன. இதோடு நொறுங்கிய பாறையின் நுண்தூசியும் எரிந்த கரிமப் பொருளின் புகைக்கரியும் சேர்ந்தன. அந்த நுண்தூசி மட்டுமே பதினைந்து ஆண்டுகள்வரை காற்றில் தங்கியிருக்கும், ஒளிச்சேர்க்கை இரண்டாண்டுகளுக்கு அநேகமாக நின்றுபோயிருக்கும் என்று 2023-இல் வந்த ஒரு காலநிலை மாதிரி காட்டியது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இல் இன்னொரு கோணத்தில் கேட்டார்கள்: இதே சிறுகோள் வேறிடத்தில் விழுந்திருந்தால்? இவ்வளவு புகைக்கரியைக் கிளப்பக்கூடிய கரிமம் மிகுந்த பாறை அன்றைய பூமிப் பரப்பில் 13 விழுக்காட்டில்தான் இருந்தது என்பது அவர்கள் முடிவு. அதே கல் பெங்களூர் இருக்கும் இடத்தில் விழுந்து நைஸ் பாறையைப் பெயர்த்திருந்தால் பெரும் பள்ளம் விழுந்திருக்கும், பெரும் பகுதி எரிந்திருக்கும். ஆனால் கந்தகமும் கரியும் அந்த அளவுக்கு மேலேறியிருக்காது. டைனோசர்களின் ஏதோ ஒரு கிளை தப்பியிருக்கவும் கூடும்.

இனி இந்தியாவின் டைனோசர்களையே விசாரிப்போம். எரிமலை கொன்றதென்றால் அதன் வாயிலிலேயே வாழ்ந்த அவைதான் முதலில் மறைந்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், நர்மதைக் கரையோரம், 92 கூடுகளும் 256 முட்டைகளும் 2023-இல் அறிவிக்கப்பட்டன. நீண்ட கழுத்துள்ள டைட்டனோசர்கள் கூட்டங்கூட்டமாக வந்து அடுத்தடுத்து முட்டையிட்ட நிலம் அது. குஜராத்தின் ரையோலியில் 1980-களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்த எலும்புகளிலிருந்து 2003-இல் ராஜாசாரஸ் என்ற ஊனுண்ணி பெயர் பெற்றது. இவை எல்லாம் லமேட்டா என்னும் படிவைச் சேர்ந்தவை. லமேட்டாவோ பெரும்பாலும் குழம்புக்குக் கீழே கிடப்பது. குழம்பு வருமுன் செழித்திருந்ததைக் காட்டி, குழம்பு வந்தபின் பிழைத்ததாகச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டால் அவர் கேட்பது சரி. அதற்கு விடை கட்சின் அஞ்சாரில் இருக்கிறது. அங்கே குழம்பு அடுக்குகளுக்கு நடுவே உள்ள ஏரிப் படிவில் டைனோசர் எலும்புகளும் முட்டை ஓடுகளும் கிடைத்தன. கீழே குழம்பு, மேலே குழம்பு, நடுவில் முட்டை. அகமதாபாதின் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த நரேந்திர பண்டாரியின் குழு அதே படிவில் இரிடியம் மிகுந்த மெல்லிய அடுக்குகளைக் கண்டறிந்தது. அதுவே யுக எல்லை என்று கருதப்பட்டபோது, சுனில் பாஜ்பாயும் ஜி. வி. ஆர். பிரசாதும் அந்த அடுக்குகளுக்கு மேலேயும் டைனோசர் முட்டை ஓடுகள் இருப்பதை 2000-இல் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே அந்த இரிடியம் யுகத்தான் தூசியாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: குழம்பு பாய்ந்த பிறகும் அந்த விலங்குகள் திரும்பி வந்திருக்கின்றன, அதே நிலத்தில் முட்டையிட்டிருக்கின்றன.

இந்தச் சான்றுக்கு ஓர் எல்லை உண்டு. அஞ்சார் போன்ற இடங்கள் எரிமலையின் முற்பகுதியைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் குழம்பு மிக வேகமாகக் குவிந்த நடுக்கட்டத்தில் அடுக்குகளுக்கு இடையே படிவே அரிது. அங்கே யார் வாழ்ந்தார், யார் செத்தார் என்று சொல்ல எலும்பு இல்லை. அந்த நடுக்கட்டத்தின் வயதுதான் இப்போது சர்ச்சையின் மையம். 2019 பிப்ரவரியில் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. பிரின்ஸ்டன் குழு, பெரிய பொங்கல் ஒன்று அழிவுக்குச் சில பத்தாயிரம் ஆண்டுகள் முன்னதாக வந்தது என்றது. பெர்க்லி குழுவோ, குழம்பின் பெரும்பகுதி அழிவுக்குப் பிறகே வந்தது என்றது. இரண்டில் எது சரியாக இருந்தாலும் எரிமலைத் தரப்புக்குச் சங்கடம் நேர்கிறது. பெர்க்லி சரியென்றால், குழம்பு மிகுதியாக வழிந்த காலம் உயிர்கள் மீண்டெழுந்த காலம். அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்த புதைபடிவங்களின்படி, அழிவுக்குப் பின் சில லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே பாலூட்டிகள் பலமடங்கு பெருத்துவிட்டன. பிரின்ஸ்டன் சரியென்றால், அந்தப் பொங்கலின் வெப்பம் கடலில் பதிவாகியிருக்க வேண்டும். உலகெங்கும் கடலடிப் படிவுகளைத் தொகுத்துப் பார்த்த 2020 ஆய்வின்படி, சுமார் 2 டிகிரி வெப்ப உயர்வு அழிவுக்கு 2 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னரே வந்து, சிறுகோள் விழுவதற்குள் தணிந்தும் விட்டது. சிறுகோளின் அதிர்வே குழம்பை வேகப்படுத்தியிருக்கலாம் என்றொரு கருத்தும் இருக்கிறது. அது மெய்யானாலும் முதல் அடி யாருடையது என்பது மாறப்போவதில்லை.

டைனோசர்கள் முன்பே தேய்ந்து வந்தன, கடைசி அடி எதுவாக இருந்தால் என்ன என்பவர்களுக்கு நம் அரியலூரும் ஒரு பதில் வைத்திருக்கிறது. கல்லமேடு மணற்பாறையில் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்ட விலங்கின் எலும்புகள், தரைவாழ் உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றுக்கு உரியவை. பாதுகாக்க முடியாமல் அவை நொறுங்கிப்போனது தமிழகப் புதைபடிவ ஆய்வுக்கு நேர்ந்த பேரிழப்பு. அதே கல்லமேட்டில் ட்ரூடோன்டிட் என்னும் சிறிய ஊனுண்ணியின் பல் ஒன்றும் கிடைத்து 2013-இல் விவரிக்கப்பட்டது. பேருருவும் சிற்றுருவும் ஒரே வட்டாரத்தில் கடைசிக் கட்டம்வரை வாழ்ந்திருக்கின்றன. இது தேய்மானத்தின் படமாகத் தெரியவில்லை. அரியலூரின் கடற்படிவுகள் இன்னும் நுட்பமான செய்தி சொல்கின்றன. அங்கே அம்மோனைட்டுகள் குவிந்து கிடப்பதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா விரிவாக வரைந்து வைத்தார். அழிவுக்குப் பிந்தைய நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைட் கிடையாது. நாட்டிலஸ் குலத்தின் ஓடுகள் இருக்கின்றன. இரண்டும் ஒத்த உருவம் உடையவை. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்நீரில் மிதந்து மிதவை உயிர்களைத் தின்றவை. நாட்டிலஸ் பெரிய முட்டைகளைச் சிலவே இட்டு, குஞ்சைக் கருவுணவோடு அனுப்புகிறது. ஆழத்தில் செத்தவற்றைத் தின்கிறது. ஒளி திடீரென்று அணைந்து மிதவை உயிர்கள் மடிந்தால் முதல் வகை சாகும், இரண்டாவது வகை தாக்குப்பிடிக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஏறி இறங்கும் வெப்பம் இப்படிக் குஞ்சின் அளவைப் பார்த்துப் பிரித்தெடுக்காது.

நிலத்திலும் இதே வாய்ப்பாடு செல்லுகிறது. முதலை, ஆமை, தவளை, நன்னீர் மீன் முதலியவை வாழ்ந்த ஆறுகளிலும் குளங்களிலும் உணவு பச்சை இலையை மட்டும் நம்பியிருக்கவில்லை. அழுகிய சருகும் சேறும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும். உடல் சிறியவையும் குறைவாகத் தின்று நாள் கடத்தக்கூடியவையும் பிழைத்தன. நாள்தோறும் மூட்டைக் கணக்கில் இலை வேண்டிய டைட்டனோசரும், அதை நம்பிய ராஜாசாரஸும் இரண்டாண்டு இருட்டைத் தாண்டியிருக்க முடியாது. எரிமலையின் கந்தகம் அமிலமழையாகப் பெய்து கொன்றது என்ற வாதத்துக்கும் மும்பையின் வொர்லியில் விடை கிடக்கிறது. அங்கே தக்காணக் குழம்பின் பிற்பகுதி அடுக்குகளுக்கு இடைப்பட்ட படிவில் சிறு தவளைகளின் எலும்புக்கூடுகள் ஏராளம். 1847-லேயே ரிச்சர்ட் ஓவன் விவரித்தவை அவை. ஈரத்தோல் வழியே மூச்சுவிடும் தவளை நீரின் புளிப்பை முதலில் உணரும் உயிர். எரிமலையின் மடியிலேயே, குழம்புக்கும் குழம்புக்கும் நடுவில், அது கூட்டமாக வாழ்ந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் தக்காணத்தை முற்றிலும் குற்றமற்றது என்று நான் விடுவிக்க மாட்டேன். சிறுகோள் விழுவதற்கு முன் வெப்பத்தை ஏற்றி இறக்கிச் சில இனங்களை அது நலிவித்திருக்கலாம். விழுந்த பிறகு கடல் மீண்டெழ நெடுங்காலம் எடுத்ததற்கு, தொடர்ந்து வழிந்த குழம்பின் வாயுக்கள் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ராஜமுந்திரிப் படிவில் திரும்பிவந்த போராமினிபெரா ஓடுகள் சிறுத்தும் வகை குறைந்தும் இருப்பதைக் கெல்லர் சரியாகவே கவனித்தார். அந்தக் கவனிப்பு மெலிந்த மீட்சிக்குச் சான்று; கொலைக்குச் சான்றாக அதை நீட்ட முடியாது என்பதே என் வேறுபாடு. வழக்கை இன்னும் இறுக்கமாக முடிக்க வேண்டுமானால் செய்ய வேண்டிய வேலை இந்தியாவில்தான் இருக்கிறது. கொய்னா, கில்லாரி போலத் தக்காணத்தின் குறுக்கே இன்னும் பல துளைகள் இறக்கி, எங்கெங்கே குழம்பு படிவுகளைச் சுட்டது, எங்கெங்கே வெறும் நைஸைத் துளைத்தது என்று வரைபடம் போட வேண்டும். கலபுரகியின் ஏரிப் படிவுகளை முட்டை ஓட்டுக்காகவும் பல்லுக்காகவும் சலித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சலித்துத்தான் தெலங்கானாவின் நாஸ்கல் ஊரில் தக்காணோலெஸ்டிஸ் என்னும் சுண்டெலி அளவுப் பாலூட்டியின் பற்களைப் பிரசாதும் அசோக் சாஹ்னியும் கண்டெடுத்து 1988-இல் அறிவித்தார்கள். டைனோசர்களின் கடைசி நாட்களில் அவற்றின் காலடியில் ஓடிய அந்தப் பிராணி எங்கிருந்து தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு வந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.